உத்தியோகத்தைத் துறந்த இமாம்

மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக்கும் புதுவைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். வேலை கிடைத்த அன்று வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. தாயார் துஆச் செய்கிறார். தகப்பனார் பட்ட கடன் தீரும் என்று பெருமூச்சு விடுகிறார். ஆனால் சில நாட்களுக்குள் அப்பிள்ளைகளில் சிலருடைய உள்ளத்தில் ஒரு முள் உறுத்தத் தொடங்குகிறது. சம்பளத்தில் குறைவில்லை, மரியாதையிலும் குறைவில்லை. இருந்தும் மனம் ஒப்பவில்லை. விட்டுவிடலாமா, பொறுத்துக்கொள்ளலாமா? வீட்டில் சொன்னால் வருத்தம், சொல்லாவிட்டால் தூக்கமில்லை.

சகோதரர்களே! இது இன்றைக்குப் பிறந்த கேள்வியன்று. ஏறத்தாழ 930 ஆண்டுகளுக்கு முன் இஸ்லாமிய உலகின் மாபெரும் அறிஞர் ஒருவர் இதே கேள்வியால் ஊணுறக்கம் இழந்து, நாவெழாமல், நோயாளியாய்க் கிடந்தார்கள். அவர்களே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூ ஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

உணவுக்காகத் தொடங்கிய கல்வி

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்கு அருகில் உள்ளது அவ்வூர். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களின் சபையில் அமர்ந்து அழுவார். தமக்கும் கற்றறிந்த மக்களைத் தருமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுவார். இறக்கும் தறுவாயில் தம் மக்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும் ஸூஃபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்து, தம்மிடமிருந்த சிறு பொருளையும் கொடுத்துவிட்டுக் கண்மூடினார்.

அந்தப் பொருள் தீர்ந்தது. நண்பரும் ஏழையே. மாணவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் மதரஸாவில் சேர்ந்துகொள்ளுமாறு அவர் பிள்ளைகளுக்கு வழி சொன்னார். வயிற்றுப்பாட்டுக்காக மதரஸாவின் படியேறிய கதையை இமாம் அவர்கள் பிற்காலத்தில் மறைக்காமல் நினைவுகூர்வார்கள். அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடிப் போனதையும், கல்வியோ அல்லாஹ்வுக்கேயன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டதையும் சொல்வார்கள். இமாம் அவர்களின் வாழ்க்கை முழுவதும் இச்சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இளமையில் ஜுர்ஜானில் கற்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்த சம்பவம் பிரசித்தமானது. மற்றவற்றை விட்டுவிட்டுத் தம் பாடக் குறிப்புகளை மட்டும் தரும்படி மன்றாடினார்கள். காகிதம் போனதும் போய்விடுகிற அறிவு என்ன அறிவு என்று கொள்ளையர் தலைவன் நகைத்து, குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த நகைப்பை அல்லாஹ் தமக்கு அனுப்பிய எச்சரிக்கையாகக் கொண்டு, மூன்றாண்டுகள் உழைத்து அனைத்தையும் மனனம் செய்தார்கள். பின்னர் நீஷாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம், அப்பெரியார் ஹிஜ்ரி 478-ல் (1085) மறையும் வரை கற்றார்கள்.

பாக்தாதின் தலைமைப் பீடம்

அக்காலத்தில் ஸெல்ஜூக் பேரரசின் வஜீராக இருந்தவர் நிஜாமுல் முல்க். கல்விக்காகப் பொருளை வாரி இறைத்தவர். ஹிஜ்ரி 459-ல் (1067) அவர் பாக்தாதில் திறந்த நிஜாமிய்யா மதரஸா அன்றைய உலகின் தலைசிறந்த கலாசாலைகளுள் ஒன்று. ஹிஜ்ரி 484-ல் (1091) அதன் தலைமைப் பேராசிரியராக இமாம் அவர்களை வஜீர் நியமித்தார். அப்போது வயது 33 அல்லது 34தான்.

முந்நூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். மன்னர்களும் கலீபாவும் மதிப்பளித்தார்கள். பாக்தாதுக்குள் அவர்கள் நுழைந்தபோது உடையும் வாகனமும் சேர்ந்து 500 தீனார் பெறும் என்று மக்கள் மதிப்பிட்டதாக வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ எழுதியுள்ளார். வயிற்றுப்பாட்டுக்காக மதரஸாவில் சேர்ந்த அநாதைச் சிறுவர் எட்டிய உயரம் அது!

ஆனால் அடுத்த ஆண்டே, ஹிஜ்ரி 485-ல் (1092), வஜீர் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த மாதமே சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். மனிதர் கொடுக்கும் உயர்வு எவ்வளவு நிலையற்றது என்பதைப் பாக்தாத் முழுவதும் கண்டது.

ஆறு மாதப் போராட்டம்

பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் தத்துவவாதிகளின் நூல்களை ஆசிரியர் துணையின்றித் தாமே கற்று, அவர்களை மறுத்துப் பேர்பெற்ற நூலை எழுதினார்கள். பின்பு அபூதாலிப் மக்கீ, ஹாரித் முஹாஸிபீ, ஜுனைத் (ரஹ்) ஆகியோரின் கருத்துகளில் ஆழ்ந்தார்கள். ஆரோக்கியம் என்றால் என்ன என்று அறிந்திருப்பது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்ற உண்மை அங்கே அவர்களைச் சுட்டது.

தம் பணியைத் தாமே எடைபோட்டார்கள். தாம் செய்வதில் மிக மேலானது கல்வி போதிப்பதே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இபாதத். ஆனால் உள்ளே என்ன நிய்யத் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தபோது, அல்லாஹ்வின் பொருத்தத்தைக் காணவில்லை; பேரும் புகழும் அந்தஸ்துமே தம்மை அசைப்பதைக் கண்டார்கள். இடிந்து சரியும் கரையின் விளிம்பில் நிற்பதுபோல் நடுங்கினார்கள்.

அன்றே எழுந்து போய்விட்டார்களா? இல்லை. ஒரு நாள் போவதென்று உறுதி செய்வார்கள். மறுநாள் அது கலைந்துவிடும். ஒரு காலை முன்னே வைப்பார்கள். மறு காலைப் பின்னே இழுப்பார்கள். காலையில் மறுமையின் ஆசை தலைதூக்கும். மாலையில் உலக ஆசை படையெடுத்து வந்து அதை முறியடிக்கும். இது தற்காலிக மனநிலை, கடந்துவிடும், எதிரிகள் தொடாத இந்தப் பெரிய பதவியை விட்டால் பிறகு ஏங்கினாலும் கிடைக்காது என்று ஷைத்தான் காதில் ஓதுவான். இந்நிலை ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095 ஜூலை) தொடங்கி, ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது.

கடைசியில் நாவே கட்டுண்டது. மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் சொல்ல முயல்வார்கள். ஒரு வார்த்தையும் எழாது. தண்ணீர் இறங்கவில்லை, ஒரு கவளம் செரிக்கவில்லை. இது உள்ளத்தில் தோன்றி உடலில் பரவிய நோய், உள்ளம் தெளிந்தாலன்றி மருந்தில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். தம்மால் எதுவும் ஆகாது என்று உணர்ந்த இமாம் அவர்கள், போக்கிடமற்றவர் அல்லாஹ்விடம் ஒதுங்குவதுபோல் ஒதுங்கி அழுதார்கள். பதவியையும் பொருளையும் விட்டுப் பிரிவது அதன்பின் எளிதாயிற்று.

புறப்பாடு

ஹிஜ்ரி 488 துல்கஃதா மாதம் (1095 நவம்பர்) பாக்தாதை விட்டார்கள். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஷாம் நாட்டில் தங்கும் எண்ணத்தைக் கலீபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் வெளியிடவில்லை. இவ்வளவு பெரிய பதவியை ஒருவர் மார்க்கத்திற்காக விடுவார் என்பதை இராக்கின் அறிஞர்களால் நம்ப முடியவில்லை. ஆளுக்கொரு காரணம் கற்பித்தார்கள். இமாம் அவர்கள் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, தமக்குப் போதுமானதையும் பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதையும் ஒதுக்கி வைத்துவிட்டே கொடுத்தார்கள். தம் ஆசனத்தில் தம்பி அஹ்மது கஸ்ஸாலி அவர்களை அமர்த்தினார்கள். நடுத்தெருவில் குடும்பத்தை நிறுத்திவிட்டுத் துறவு பூணவில்லை. மாணவர்களை ஆசிரியரின்றித் தவிக்கவிடவுமில்லை.

திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். ஹெப்ரானில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி அரசர்களின் சபைக்குப் போவதில்லை, அவர்கள் பணத்தைப் பெறுவதில்லை, வீண்வாதம் புரிவதில்லை என்று பிரதிக்ஞை செய்தார்கள். ஹஜ்ஜையும் மதீனா ஜியாரத்தையும் நிறைவேற்றினார்கள். பிறகு பிள்ளைகளின் அழைப்பும் குடும்பக் கவலையும் அவர்களை ஊருக்கு இழுத்தன. முன்பு 500 தீனார் மதிப்பிட்ட அதே மக்கள், திரும்பி வந்தவரின் உடையை 15 கீராத் மதிப்பிட்டார்களாம்!

இக்காலத்தில் உருவானதே இஹ்யா உலூமித்தீன். நாற்பது கிதாபுகள் கொண்ட அப்பெருநூலில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு கிதாபு இருக்கிறது. பிறரிடம் கையேந்தாதிருக்கவும் மனைவி மக்களைக் காக்கவும் உழைப்பதை நன்மையாகவே அதில் காட்டுகிறார்கள். பெரும் பதவியைத் துறந்த கை எழுதியது இது என்பதை நினைவில் வையுங்கள்.

மீண்டும் அதே பணி

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. நிஜாமுல் முல்க்கின் மகனும் வஜீருமான பக்ருல் முல்க், நீஷாப்பூர் நிஜாமிய்யாவில் பாடம் நடத்த வரும்படி வற்புறுத்தினார். இப்போது மறுபக்கத்திலிருந்து அதே கேள்வி. முன்பு பதவி ஆசையைச் சந்தேகித்தவர்கள், இப்போது தம் தனிமை ஆசையைச் சந்தேகித்தார்கள். சோம்பலும் சுகமும் மக்களின் தொல்லையிலிருந்து தப்பும் எண்ணமும்தாம் தம்மை வீட்டில் இருத்துகின்றனவோ என்று ஆராய்ந்தார்கள். உள்ளத்தெளிவுடைய பெரியோர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அனைவரும் போகச் சொன்னார்கள். ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (1106) மீண்டும் ஆசிரியர் ஆசனத்தில் அமர்ந்தார்கள்.

வெளிப்பார்வைக்குப் பழைய இடத்துக்கே திரும்பியதாகத் தோன்றும். இமாம் அவர்களோ அப்படிக் கருதவில்லை. அன்று அந்தஸ்தைத் தேடித்தரும் கல்வியைப் போதித்தார்கள். இன்று அந்தஸ்தை உதறக் கற்றுத்தரும் கல்வியைப் போதித்தார்கள். பணி அதுவே; நிய்யத் மாறியிருந்தது.

சில ஆண்டுகளில் அப்பணியையும் விட்டுத் தூஸுக்குத் திரும்பி, வீட்டருகே ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்தார்கள். பாக்தாத் பீடத்துக்கு மறுபடி அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14-ல் (1111 டிசம்பர்) இறைவனடி சேர்ந்தார்கள். அன்று காலை ஒளுச் செய்து, தொழுது, தம் கபன் துணியைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகத் தம்பி அஹ்மது அவர்கள் வாயிலாக வந்துள்ளது.

நமக்குரிய பாடம்

வேலை பிடிக்கவில்லை என்று கலங்கும் தம்பிமார்களே! முதலில் முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலையே ஹராமானதா? வட்டிக்கும் பொய்க்கும் துணைபோகச் சொல்கிறதா? அப்படியானால் வேறு வழி தேடுவதில் தாமதம் வேண்டாம். வேலை ஹலாலானது, உள்ளம் மட்டும் சஞ்சலப்படுகிறது என்றால், பெருமை குறைந்ததாலா, உழைப்புக்கு அஞ்சியா, உண்மையிலேயே ஈமானுக்கு ஊறு நேர்வதாலா என்று இமாம் அவர்களைப்போல் தோண்டிப் பாருங்கள். நிய்யத்தைச் சீராக்கினாலே சில வேலைகள் இபாதத் ஆகிவிடும்.

பின்பு நம்பிக்கையான பெரியவர்களிடம் மஷூரா செய்யுங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் குர்ஆனின் சூராவைப்போல் கற்றுக்கொடுத்த இஸ்திகாராவை, இரண்டு ரக்அத் நபில் தொழுது, ஓதி வாருங்கள். கனவு வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு மனம் சாயும் நன்மையின் பக்கம் காலெடுத்து வையுங்கள். விடுவதென்று முடிவானால் வீட்டாரின் சோற்றுக்கு வழி செய்துவிட்டு, பொறுப்பைச் சரியாக ஒப்படைத்துவிட்டு, யாரையும் தூற்றாமல் வெளியேறுங்கள்.

நாம் இருக்கும் பணியிலும், நாம் விடும் பணியிலும், தன் பொருத்தத்தையே நாடும் தூய நிய்யத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.