கதவுக்குக் கண் தந்த செவிலி

ஊரை விட்டு வந்து பயிலும் நம்மில் பலருக்கு வீடு என்பது வாடகை அறைதான். அந்த அறையின் கதவை நள்ளிரவில் யாரேனும் தட்டினால் என் செய்வது? திறந்தால் வந்தவர் யாரோ என்ற அச்சம். திறவாவிட்டால் உதவி நாடி வந்தவரோ என்ற ஐயம். இந்த இரண்டுக்கும் இடையே தவித்த ஒரு பெண்மணியின் வரலாற்றையே இங்குக் கூற விழைகிறேன்.

கடந்த குளிர்காலத்தில், டில்லியில் நான் குடியிருக்கும் வீட்டில் திருட்டு ஒன்று நிகழ்ந்தது. மாடியில் மாணவியர் ஐவர் இருக்கிறோம். மறு வாரமே வீட்டுக்காரர் இரண்டு காமிராக்களைப் பொருத்தினார். ஒன்று தெருவாயிலை நோக்கியது. மற்றொன்று எங்கள் அறைக் கதவுகளை நோக்கியது. காட்சி அவருடைய கைப்பேசியில் தெரியும், எங்களுக்குத் தெரியாது. காவல் வந்தது, மன அமைதி போயிற்று. இக்கருவியை வீட்டிற்கென்று முதலில் எண்ணியவர் யாராக இருக்கும் என்று அன்றிரவு தேடினேன். மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற பெயர் கிடைத்தது.

அம்மையார் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஜமைக்கா என்னும் பேட்டையில் பிறந்தார். கறுப்பினத்தவர். தொழிலால் செவிலி. கணவர் ஆல்பர்ட் பிரௌன் மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்தவர். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. அவர் பணிக்குச் சென்ற இரவுகளில் அம்மையார் தனித்திருப்பார். சுற்றுப்புறத்தில் குற்றங்கள் மிகுந்திருந்தன; அழைத்தாலும் போலீசார் விரைந்து வருவதில்லை. பிணியாளர்க்குத் துணை நின்றவருக்கு இரவில் துணை இல்லை.

அஞ்சியவர் பலர் இருந்திருப்பர். அம்மையாரோ தம் அச்சத்தை ஆராய்ந்து பார்த்தார். கதவருகே செல்லாமலே வந்தவரைக் காண வேண்டும். அவருடன் பேச வேண்டும். நல்லவராயின் கதவு திறக்க வேண்டும். தீயவராயின் உதவியை அழைக்க வேண்டும். தேவை இந்நான்கே. கணவரின் துணையோடு அவற்றுக்கு ஒரு கருவியை வகுத்தார்.

அதன் அமைப்பைச் சொல்கிறேன். கதவில் மேலும் கீழுமாகத் துளைகள். நெட்டையர் முகம் ஒரு துளையில் தெரியும். சிறுவர் முகம் மற்றொன்றில் தெரியும். துளைகளின் பின்னே ஒரு காமிரா மோட்டாரின் உதவியால் ஏறி இறங்கும். அது காணும் காட்சி வானொலி அலை வழியே படுக்கையறையிலுள்ள தொலைக்காட்சித் திரையை அடையும். வெளியிலிருப்பவருடன் பேச ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் தாழ் விலகும். மற்றொன்றை அழுத்தினால் அபாய அறிவிப்புச் செல்லும்.

காமிராவும் திரையும் இணைந்த கண்காணிப்பு அதற்கு முன்பே உண்டு. ஜெர்மனியில் 1942-இல் ஏவுகணை சோதனையைத் தொலைவிலிருந்து காண அதனைப் பயன்படுத்தினர். போர்க்களத்துக் கருவியைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்ததே அம்மையாரின் அருஞ்செயல்.

1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தம்பதியர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். அம்மையாருக்கு அப்போது 43 வயது. 1969 டிசம்பர் 2-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 34,82,037. பின்னர் வந்த பாதுகாப்புக் கருவிகளின் காப்புரிமைகள் பல இதனை முன்னோடியாகச் சுட்டுகின்றன. ஆயினும் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 1999-இல், 76-ஆம் வயதில், பிறந்த குவீன்ஸிலேயே மறைந்தார்.

அவர் வரலாற்றைப் படித்து முடித்தபோது ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. அம்மையாரின் காமிரா வெளியே நோக்கியது. திரை உள்ளே, அஞ்சியவர் கையருகே இருந்தது. எங்கள் மாடியில் அது தலைகீழாயிற்று. காமிரா எங்களை நோக்கியது. திரை வேறொருவர் கையில் இருந்தது. கருவி ஒன்றே, வைத்த இடம் மாறியதும் அதன் தொழிலும் மாறிவிட்டது.

மறுநாள் ஐவரும் சென்று வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் முதலில் வருந்தினார். எங்கள் நன்மைக்கே செய்ததாகக் கூறினார். அது பொய்யன்று. எங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் பெற்றோர்க்கு என்ன விடை சொல்வது என்ற கவலை அவருக்கும் இருந்தது. நெடுநேரம் பேசிய பின் இரண்டாவது காமிராவை மாடிப்படியின் அடியை நோக்கித் திருப்பினார்; இரு காட்சிகளும் எங்கள் கைப்பேசியிலும் தெரியுமாறு செய்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை நான் மாற்றித் தந்தேன். அதை மாற்றாது விட்டால் முன்பின் அறியாதவரும் நம் வீட்டைக் காணக்கூடும்.

காமிரா பொருத்திய வீட்டில் குடியேறும் நண்பர்கள் இரண்டு கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். அது எதை நோக்குகிறது? அக்காட்சியை யார் காண்கிறார்? ஆய்வுக்கூடத்திலிருந்து இரவில் நேரங்கழித்துத் திரும்பும்போது இப்பொழுது நானே என் கைப்பேசியில் வாயிலைப் பார்த்துவிட்டுத் தெருவில் நுழைகிறேன். அப்போதெல்லாம், இரவில் தனித்திருந்த அந்தச் செவிலியை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.