எவரெஸ்ட் பனிச்சரிவில் தப்பியவர், நெய்யூர் டாக்டர் ஆனார்... யார் இந்த சாமர்வெல்?

கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் மருத்துவமனையின் வரலாற்றைப் பேசினால், டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் பெயரை விட்டுவிட முடியாது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க மறக்க முடியாத நாள் ஒன்று எவரெஸ்ட்டில் இருந்தது. 1922 ஜூன் 7.

1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ அறுவை சிகிச்சை மருத்துவர். 1922-ல் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது.

என்ன நடந்தது?

ஜூன் தொடக்கத்தில் பருவமழை மேகங்கள் புதுப் பனியைக் கொட்டின. பிறகு வெயில் அடித்தது. வெயில்ல பனி இறுகிடும்னு குழு நம்பியது. மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு ஆகியோருடன் 14 சுமைதூக்கிகள், கயிறு கட்டிக்கொண்டு திபெத் பக்கமுள்ள வடக்குக் கணவாயின் சரிவில் ஏறினார்கள். மதியத்துக்கு மேல் சரிவு அப்படியே பெயர்ந்தது. 9 பேர் பனிப் பிளவுக்குள் விழுந்தார்கள். தோண்டியதில் 2 பேர்தான் பிழைத்தார்கள். இறந்த 7 பேருமே சுமைதூக்கிகள்.

வெயில் அடித்தால் ஏன் ஆபத்து?

புதுப் பனி, கீழே உள்ள பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். அதற்குள் வெயில் ஏறினால் மேல் அடுக்கு இளகி, கனமாகும். உருகிய நீர் உள்ளே இறங்கினால் பிடிமானம் இன்னும் போய்விடும். அந்த நேரத்தில் ஆட்கள் நடந்தால், அந்த எடையே போதும். அதனால்தான் இளவெயில் காலத்தில், இரவுக் குளிரில் பனி உறைந்திருக்கும் அதிகாலையிலேயே சரிவைக் கடந்துவிடச் சொல்கிறார்கள்.

அதே சரிவு, 1924

இறந்தவர்களில் ஒரு ஆங்கிலேயர்கூட இல்லையே என்ற குற்ற உணர்வு சாமர்வெல்லை விடவில்லை. 2 ஆண்டுகள் கழித்து, அதே கணவாயில் 4 சுமைதூக்கிகள் இறங்க முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். நார்ட்டன், மல்லோரியுடன் போன சாமர்வெல், எப்போது சரியும் என்று தெரியாத பனியில் முதல் ஆளாகக் கயிற்றோடு நடந்தார். கயிறு எட்டவில்லை. கடைசியில் 2 பேர் சறுக்க, அவர்களையும் எட்டிப் பிடித்தார். நால்வரும் உயிரோடு இறங்கினார்கள்.

1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றியபோதுதான் நெய்யூருக்கு வந்திருந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் பார்த்தவர், லண்டன் வாழ்க்கை வேண்டாம் என்று முடிவெடுத்தார். நெய்யூர், பிறகு வேலூர் என அவரது மருத்துவப் பணி பெரும்பாலும் இங்கேயே கழிந்தது. 1975-ல் இங்கிலாந்தில் மறைந்தார்.