மேஜை மேல் ஓடிய வெள்ளி ரயில்



உங்களில் எத்தனை பேர் சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள்? ரயிலைப் பார்ப்போம், கூட்டத்தைப் பார்ப்போம், சுண்டல் விற்பவரைப் பார்ப்போம். தண்டவாளத்தை யார் பார்க்கிறார்கள்! அடுத்த முறை பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 1676 மில்லி மீட்டர். இதற்கு அகலப் பாதை என்று பெயர். உங்கள் தாத்தா, பாட்டி வேலைக்குப் போன நாட்களில் இங்கே ஓடிய மின்சார ரயில் மீட்டர் பாதையில் ஓடியது. இடைவெளி 1000 மில்லி மீட்டர், அதாவது சரியாக ஒரு மீட்டர். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய அந்த மீட்டர் பாதை மின்சார ரயில் 2004-ல் நின்றுபோனது.

இதைவிடவும் ஒடுங்கிய பாதை உண்டு. இடைவெளி வெறும் 2 அடி, அதாவது 610 மில்லி மீட்டர். உங்கள் பள்ளிக்கூட ஸ்கேல் இரண்டை முனையோடு முனை சேர்த்து வைத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான்! அந்தக் குட்டிப் பாதையை முதலில் தன் அரண்மனைத் தோட்டத்திலும், பிறகு தன் நாடு முழுவதும் போட்ட ஒரு மகாராஜாவின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் சாப்பாட்டு மேஜையைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவர் பெயர் மாதவராவ் சிந்தியா. மத்தியப் பிரதேசத்தில் உள்ள குவாலியர் அப்போது ஒரு தனி சமஸ்தானம். சுமார் 30 லட்சம் மக்கள் வாழ்ந்த பெரிய நாடு அது. மாதவராவ் 1876-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி பிறந்தார். அப்பா ஜயாஜிராவ் சிந்தியா 1886-ல் காலமானபோது மாதவராவுக்கு ஒன்பது வயதுதான். நான்காம் வகுப்புப் பையனின் வயது! அந்த வயதில் அவர் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையால் நாட்டை ஆள முடியுமா? அதனால் பெரியவர்கள் அடங்கிய ஒரு குழு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது. சிறுவன் ஆசிரியர்களிடம் பாடம் படித்தான், குதிரை ஏறினான், இயந்திரங்களைக் கண்டால் அதைவிட்டு நகர மறுத்தான். ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது 1894-ல். அப்போது அவருக்கு 18 வயது.

ரயில் ஆசை அவருக்குத் தந்தை வழிச் சொத்து என்றுகூடச் சொல்லலாம். ஜயாஜிராவ்தான் தன் நாட்டு வழியே ரயில் வருவதற்காக ஆங்கிலேய அரசுக்கே கடன் கொடுத்தவர். 1874-ல் ஜெய் விலாஸ் என்ற மாபெரும் அரண்மனையைக் கட்டியவரும் அவர்தான். அதன் தர்பார் மண்டபத்தில் இரண்டு ராட்சத சரவிளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் மூன்று டன்னுக்கு மேல் எடை! அவற்றைக் கூரை தாங்குமா என்று சோதிக்க, யானைகளை மேலே ஏற்றி நடக்கவிட்டுப் பார்த்தார்களாம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் சின்னதாக இருக்குமா?

1890-களில், இளைஞராக இருந்தபோதே, அரண்மனை வளாகத்தில் இரண்டடி அகலத்தில் பாதை போட்டு நிஜ நீராவி என்ஜினை ஓடவிட்டார் மாதவராவ். தானே என்ஜின் ஓட்டுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

ஏன் இரண்டடிப் பாதை? இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். ரயில் பாதையில் செலவு எங்கே ஆகிறது தெரியுமா? தண்டவாளத்தின் எடை, கீழே போடும் கட்டைகளின் நீளம், வெட்ட வேண்டிய மண், கட்ட வேண்டிய பாலங்கள். பாதை ஒடுங்கினால் இவை எல்லாமே குறையும். இன்னொரு பெரிய லாபம் வளைவு. அகலப் பாதை ரயில் திரும்ப வேண்டுமானால் ஒரு பெரிய ஏரியைச் சுற்றுவதுபோலத் திரும்ப வேண்டும். குட்டி ரயில் தெருமுனையில் சைக்கிள் திரும்புவதுபோல நறுக்கென்று திரும்பிவிடும். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டில் சுரங்கத்துக் கற்பலகைகளை இறக்க இப்படி ஒரு பாதை இருந்தது. 1860-களில் அதில் நீராவி என்ஜின் ஓடியதும் உலகமே கண்ணை அகல விரித்தது. நம் டார்ஜிலிங் மலை ரயிலும் 1881-ல் இதே இரண்டடி அகலத்தில்தான் வந்தது. (நம் ஊட்டி ரயிலையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது தவறு. ஊட்டி ரயில் மீட்டர் பாதை. பரீட்சையில் தவறாக எழுதாதீர்கள்!)

மாதவராவ் அரண்மனை விளையாட்டோடு நிற்கவில்லை. அதே இரண்டடிப் பாதையை ஊர்களுக்கு நீட்டினார். 1899-ல் குவாலியரிலிருந்து பிண்ட் ஊருக்கும் சிவபுரிக்கும் ரயில் ஓடியது. நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இன்னொரு கிளை 1904-ல் சபல்கர் வரை போனது. 1909-ல் ஷியோபூரைத் தொட்டது. அந்தக் கிளை மட்டுமே ஏறக்குறைய 200 கிலோ மீட்டர்! சைதாப்பேட்டையில் புறப்பட்டுத் தெற்கே போனால் கடலூரையும் தாண்டிவிடும் தூரம். குவாலியர் லைட் ரயில்வே என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்த 1899-ம் ஆண்டை வடக்கே யாரும் மறக்க மாட்டார்கள். மழை பொய்த்தது. 1900-லும் தொடர்ந்த கொடிய பஞ்சம் ராஜஸ்தானையும் குஜராத்தையும் மத்திய இந்தியாவையும் வாட்டியது. மனிதர்களும் மாடுகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே 1900-ல் சீனாவில் கலகம் மூண்டது. ஆங்கிலப் படைக்கு உதவ, காயம்பட்டவர்களுக்காக ஒரு மருத்துவமனைக் கப்பலையே தன் செலவில் கொடுத்தார் மாதவராவ். குவாலியர் என்றே அந்தக் கப்பலுக்குப் பெயர். தானும் சீனாவுக்குப் போனார். ஆங்கிலேயர் பாராட்டினார்கள். பஞ்ச காலத்தில் அந்தப் பணம் எங்கே போயிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிக் கேட்டால் நான் கைதட்டியிருப்பேன்.

தராசின் அடுத்த தட்டையும் பார்க்க வேண்டும். தன் நாட்டில் பல ஏரிகளையும் அணைகளையும் கட்டினார் அவர். 1907-ல் டாடா எஃகு நிறுவனம் தொடங்கியபோது, நம் நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கானோர் பங்குகள் வாங்கினார்கள். அதன் பிறகும் தொழிலை நடத்தப் பணம் தேவைப்பட்டது. 4 லட்சம் பவுன் மதிப்புள்ள கடன் பத்திரங்களை மாதவராவ் ஒருவரே மொத்தமாக வாங்கிக்கொண்டார். அந்த ஆலையில் 1912-ல் எஃகு உருகி வந்தது. தண்டவாளமும் செய்தார்கள். ரயில் பைத்தியத்தின் பணம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது!

சரி, சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்?

ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மண்டபத்தில் மிக நீளமான மேஜை. அதன் மேல் தண்டவாளம். அதில் ஒரு வெள்ளி ரயில். என்ஜின், அதன் பின்னே ஏழு பெட்டிகள். ஆங்கிலத்தில் சிந்தியா என்று எழுத ஏழு எழுத்துகள் வேண்டும். ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து! பெட்டிகளில் கண்ணாடிக் குடுவைகள். விருந்து முடிந்ததும் பெரியவர்களுக்கான மதுவும் சுருட்டும் அதில் பவனி வரும். (அந்தக் கால மகாராஜாக்களின் பழக்கம். நம் வீட்டு ரயிலில் முறுக்கும் கடலை உருண்டையும் போதும்.) யாராவது குடுவையைத் தூக்கினால் ரயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் புறப்பட்டுவிடும்!

மந்திரமா? இல்லை, மின்சாரம். தண்டவாளம் வழியாக வரும் மின்சாரம் என்ஜினில் உள்ள மோட்டாரைச் சுழற்றுகிறது. குடுவை இருந்த இடமே ஒரு சுவிட்ச் போல வேலை செய்தது. குடுவை எழும்பினால் மின்சுற்று அறுந்துவிடும். உங்கள் அறிவியல் புத்தகத்தில் பேட்டரி, பல்பு, சுவிட்ச் படம் இருக்கிறதே, அதே பாடம்தான். ஒரு முறை வைஸ்ராய்க்கு விருந்து நடந்தபோது இந்த ரயில் கட்டுப்பாடு இழந்து, நிற்காமல் ஓடி, விருந்தாளிகளின் பட்டு உடைகளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, கேட்கச் சுவையாக இருக்கிறது.

நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் மனம் துள்ளுகிறதா? வெள்ளி வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். கேரம் போர்டு அளவு இடம் போதும். சின்ன வீட்டுக்கு ஏற்றது இந்தக் குட்டிப் பாதைதான். காரணம், முன்பே சொன்ன நறுக்கென்ற வளைவு. பொம்மை ரயில் செய்கிறவர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் 87 சென்டி மீட்டர் இருந்தால் பொம்மையில் 1 சென்டி மீட்டர். இந்த அளவில், ஐந்தரை அடி மனிதர் ஒருவர் 19 மில்லி மீட்டர்தான் இருப்பார். பாதித் தீக்குச்சி உயரம்கூட வர மாட்டார். குவாலியரின் 610 மில்லி மீட்டர் பாதை எவ்வளவு ஆகும்? 87-ஆல் வகுத்துப் பாருங்கள். 7 மில்லி மீட்டர்! கடையில் 9 மில்லி மீட்டர் தண்டவாளம் கிடைக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 783 வரும். நம் கால்கா - சிம்லா மலை ரயில் பாதை 762. கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது அல்லவா? இந்தக் கணக்கைத்தான் உலகம் முழுவதும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் தண்டவாளம் வாங்க ஓடாதீர்கள். பலகை அளவுக்கு சார்ட் பேப்பர் வெட்டி, அதில் முழு அளவில் வரையுங்கள். 25 சென்டி மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் குறுக்களவு 50 சென்டி மீட்டர். கேரம் பலகையில் அடங்கி, ஓரத்தில் ஒரு நிலையத்துக்கும் நாலு வீட்டுக்கும் இடம் மிச்சம். உடனே மலை வைக்கலாமா என்று கேட்பீர்கள். அந்த வட்டத்தின் சுற்றளவு 157 சென்டி மீட்டர்தான். 40 சென்டி மீட்டருக்கு 1 சென்டி மீட்டர் ஏறுவதே குட்டி என்ஜினுக்குப் போதுமான வேலை. பாதி வட்டத்தில் 2 சென்டி மீட்டருக்கு மேல் ஏற முடியாது. ஆகவே சமதரையே நல்லது. மகாராஜாவின் மேஜையும் சமதரைதானே! இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த ரயில் எதை, எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது? கரும்பா, கல்லா, பள்ளிக்கூடப் பிள்ளைகளா? அது முடிவானால் நிலையமும் கிடங்கும் தானாக வந்துவிடும்.

பணம் இல்லையென்றால் ஓடாத ரயில் செய்யலாம். கட்டைகளுக்குத் தீக்குச்சி, பெட்டிகளுக்கு அட்டை, கூரைக்குப் பழைய அழைப்பிதழ். ஓடுகிற ரயில் வைத்திருப்பவர்கள் பேட்டரியோ, ரயிலோடு வந்த 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரோ மட்டும் பயன்படுத்த வேண்டும். சுவரில் உள்ள பிளக்கில் கம்பியைச் செருகும் வேலை வேண்டவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரையும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் போட வேண்டும்.

மாதவராவ் 1925-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி பாரிஸ் நகரில் காலமானார். வயது 48. மகன் ஜீவாஜிராவுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. அப்பாவைப் போலவே அந்தப் பிள்ளையும் சிறுவனாகவே அரியணை ஏறினான்.

மாதவராவின் நினைவு மண்டபம் சிவபுரியில், தாயின் மண்டபத்துக்கு அருகில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள காட்டுக்கு மாதவ் தேசியப் பூங்கா என்று அவர் பெயர்தான். அவருடைய ரயில் 1951-ல் இந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. சிவபுரிக் கிளையை மூடினார்கள். பிண்ட் கிளையை அகலப் பாதையாக்கினார்கள். ஷியோபூர்க் கிளை மட்டும் பிடிவாதமாக ஓடியது. 200 கிலோ மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பத்து மணி நேரம்! ஆனாலும் உள்ளே இடமில்லாமல் கூரை மேல் ஏறி உட்கார்ந்து வந்தார்கள் மக்கள். பேருந்து வசதி குறைந்த கிராமத்துக்காரர்களுக்கும், சந்தைக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் வண்டி. ஒரு மகாராஜாவின் விளையாட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஏழைகளைச் சுமந்தது. 2020-ல் அதுவும் நின்றது. அந்த வழியில் அகலப் பாதை போடும் வேலை நடக்கிறது. ஒரு பகுதியில் அகலப் பாதை ரயில் ஓடவும் தொடங்கிவிட்டது.

வெள்ளி ரயிலைப் பார்க்க வேண்டுமானால் குவாலியருக்குத்தான் போக வேண்டும். ஜெய் விலாஸ் அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. விருந்து மண்டபத்தில், நீள மேஜையின் மேல், ஏழு பெட்டிகளோடு நின்றுகொண்டிருக்கிறது அது.