18 கிலோ கேமராவுடன் மலை ஏறியவர்: யார் இந்த விட்டோரியோ செல்லா?

டிரெக்கிங் போகிறவர்கள் பையில் கேமராவை வைப்பதா, வேண்டாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறார்கள். ஒரு கிலோ கூடினாலே ஏற்றத்தில் தோள் சொல்லிவிடும். 140 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் 18 கிலோ கேமராவோடு ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்கினார். அவர்தான் இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ செல்லா.

1859-ல் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள பியெல்லா நகரில் பிறந்தார். கம்பளி ஆலை நடத்திய குடும்பம். அப்பா ஜூசெப்பே, இத்தாலிய மொழியில் போட்டோகிராஃபி பற்றி முதல் விரிவான நூல் எழுதியவர். சித்தப்பா குவின்டினோ, இத்தாலிய மலையேற்றச் சங்கத்தை 1863-ல் தொடங்கியவர். கேமரா, மலை ரெண்டுமே வீட்டுச் சொத்து மாதிரிதான்.

ஆரம்பத்தில் இருந்தது ஈரத்தகடு முறை. கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். அதாவது இருட்டறையையும் மலைக்குத் தூக்கிட்டுப் போகணும்! 1879-ல் மோன்டே மார்ஸ் உச்சியில் கூடாரம் போட்டு இதையும் செய்து பார்த்தார் செல்லா. உலர்தகடு வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

எடை மட்டும் குறையவில்லை. அவர் தேர்ந்தெடுத்த தகடு 30-க்கு 40 செ.மீ.; ஒன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோ. பத்துப் படம் எடுக்க பத்துக் கிலோ கண்ணாடி. ஒரு சறுக்கல் போதும், மொத்தமும் நொறுங்கிவிடும். சின்னதாக எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலும் தகடு எந்த அளவோ, பிரின்ட்டும் அதே அளவுதான். பாறையின் ஒவ்வொரு விரிசலும் தெரிய வேண்டும் என்றால் பெரிய தகடுதான் ஒரே வழி. அதற்காக கண்ணாடி உடையாத மாதிரி முதுகுப் பைகளையும், விலங்குகள் மேல் ஏற்றும் சேணங்களையும் அவரே மாற்றி அமைத்தார். பின்னாளில் 20-க்கு 25 செ.மீ. தகடுக்கு மாறினார்.

இந்தச் சுமை முழுவதையும் அவர் ஒருவரே தூக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீண்ட பயணங்களில் பெரும்பாலும் அது போர்ட்டர்களின் முதுகில்தான் போனது.

கேமரா தூக்குகிறவர் நல்ல மலையேறியாக இருக்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். 1882 மார்ச்சில், 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறிக் கடந்தவர் செல்லா.

பிறகு காகசஸ் மலைகளுக்கு மூன்று பயணம். 1897-ல் அலாஸ்காவின் செயின்ட் எலியாஸ். 1899-ல் இந்தியா வந்தார். டார்ஜிலிங்கில் இருந்து கிளம்பி, டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டு குழுவோடு கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தார். வழியில் கடும் பனிப்பொழிவு. நடப்பவர்களுக்கு அது சோதனை. செல்லாவின் லென்ஸுக்கோ லாட்டரி. சிக்கிமின் சினியோல்சு சிகரம் புதுப்பனியோடு நிற்கும் அவரது படம் இன்றும் பேசப்படுகிறது.

1909-ல், 50 வயதை நெருங்கும்போது, அப்ரூஸி இளவரசருடன் கே2. 8,611 மீட்டர் சிகரத்தின் உச்சிக்கு அந்தக் குழுவால் போக முடியவில்லை. ஆனால் செல்லா எடுத்த படங்கள், பின்னால் வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டும் வரைபடமாகவே உதவின. அன்று அவர்கள் முயன்ற முகடு வழியாகத்தான் 1954-ல் இத்தாலியர்கள் உச்சியைத் தொட்டார்கள். அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸும் செல்லாவை வியந்து எழுதியிருக்கிறார்.

76 வயதில் மறுபடியும் மேட்டர்ஹார்ன் ஏறக் கிளம்பினார் மனுஷன். வழிகாட்டி ஒருவருக்கு விபத்தில் காயம்பட்டதால் பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. 1943-ல் பியெல்லாவில் காலமானார். மலை மலையாகச் சுமந்து திரும்பிய அந்தக் கண்ணாடித் தகடுகள், அதே ஊரில் உள்ள செல்லா அறக்கட்டளையில் பாதுகாக்கப்படுகின்றன.