கதிரை அளந்தவர்: ரோல்ப் சீவர்ட்

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் வைத்தியசாலைகளில் அதிகாலையில், முதல் நோயாளியை உள்ளே அழைப்பதற்கு முன்னர் நடைபெறும் காரியம் ஒன்று உண்டு. நோயாளி படுக்க வேண்டிய மேசையின்மேல் ஒரு சிறு கருவியை வைத்துக் கதவை அடைத்து, யந்திரத்தினின்று குறித்த அளவு கதிரை அதன்மேல் விழச் செய்வர். கருவி காட்டும் எண், காட்ட வேண்டிய எண்ணினின்று நூற்றுக்கு 3 பங்கிற்கு மேல் விலகி நிற்குமாயின், காரணம் காணும்வரை யந்திரத்தின்கீழ் எவரையும் கிடத்தார். சுவர்களினின்று வரும் ஒளிக்கோடுகள் குறித்த இடத்தில், 2 மில்லிமீட்டருக்குள், சந்திக்கின்றனவா என்பதையும், கதவு திறந்தால் கதிர் தானே நின்றுவிடுகின்றதா என்பதையும் பார்ப்பர். நேற்று மாலை சரியாயிருந்த யந்திரம் இன்று காலையும் சரியாயிருக்கும் என்று அங்கே ஒருவரும் நம்பிவிடுவதில்லை. வெளியே விசிப்பலகையில் காத்திருக்கும் நோயாளியோ இவற்றுள் ஒன்றையும் அறியார்.

இந்த அவநம்பிக்கையை ஒரு கடமையாக்கித் தந்தவர்களுள் முன்னிற்பவர் ஸ்வீடன் தேசத்தவராகிய ரோல்ப் மாக்ஸிமிலியன் சீவர்ட். பௌதிக மாணவர் அனைவரும் அவர் பெயரை ஓர் அலகின் பெயராக மனனம் செய்திருப்பர். அப்பெயருக்குரிய மனிதர் யார் என்பதையே நாம் இங்கே கூறப் புகுந்தோம்.

1895-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். சில மாதங்களுக்குள் பாரிஸ் நகரில் பெக்கரல், யுரேனியத்தினின்று தானே எழும் கதிரைக் கண்டார். அந்த 1896-ம் ஆண்டு மே மாதம் 6-ம் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் சீவர்ட் பிறந்தார். தந்தையார் மாக்ஸ் சீவர்ட், ஜெர்மனியினின்று வந்து குடியேறி, மின்சாரக் கம்பிவடம் செய்யும் தொழிற்சாலையை நிறுவிப் பெரும்பொருள் ஈட்டியவர். 1913-ல், மகனுக்குப் பதினேழு வயதாகும்போது, அவர் காலமானார். மகன் முதலில் வைத்தியம் கற்கச் சென்றார். பின்னர் பொறியியலுக்கு மாறினார். முடிவில் உப்சாலா சர்வகலாசாலையில் பௌதிகத்தில் வந்து நிலைத்தார். பாடத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்து வரும் மாணவரைக் கண்டு முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. இவர் வாழ்க்கையிலோ வழியில் தொட்ட மூன்று கல்வியும் பின்னர் ஒரே வேலைக்குத் தேவையாயின.

அவ்வேலை இன்னதென்று அறிய, அக்காலத்துக் கதிர்ச் சிகிச்சையின் நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஸ்டாக்ஹோமில் 1910-ல் ரேடியும்ஹெம்மெட் என்னும் புற்றுநோய் வைத்தியசாலை தொடங்கப்பட்டது. அதன் தலைவராய் விளங்கிய யோஸ்டா போர்ஸெல் என்னும் வைத்தியர் ரேடியத்தாலும் எக்ஸ் கதிராலும் நோயாளிகளைக் குணப்படுத்த முயன்றுவந்தார். ஆனால் மருந்தைத் துலாவிலிட்டு நிறுத்துக் கொடுப்பது போலக் கதிரை நிறுப்பதற்கு ஒரு துலா உலகில் எங்கும் செவ்வையாக அமையவில்லை. தோல் சிவக்கும்வரை கதிரைச் செலுத்தி, அந்தச் சிவப்பையே அளவாகக் கொண்டனர். சிவப்போ அன்று தோன்றுவதன்று; நாட்கள் சென்றே தோன்றும். தோல் மனிதருக்கு மனிதர் வேறுபடும். ஒருவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றியது மற்றொருவர் கண்ணுக்கு அவ்வாறு தோன்றாது. கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய்களும் நாளுக்கு நாள் தம் குணம் மாறும் இயல்பின. அவற்றின் திறத்தை அறியச் சில வைத்தியர் தம் கையையே கதிருக்கு முன் நீட்டி, திரையில் எலும்பின் நிழலைப் பார்த்தனர். அப்படிப் பார்த்தவர் பலர் முதலில் விரலையும், பின்னர் கையையும், இறுதியில் உயிரையும் இழந்தனர். கதிரால் மாண்ட வைத்தியர், தாதியர், பௌதிகர் முதலியோருக்காக 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லில் முதலிற் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169.

நோயாளியின் பாடு இன்னும் இரங்கத்தக்கது. அளவு குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும்; மிகுந்தால் நல்ல தசை வெந்து புண்ணாகும், அப்புண் பல மாதங்கள் கழித்தும் தோன்றக்கூடும். கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகள் ஆகமம் சொல்வதை நம் வாசகர் அறிவர். இங்கே தராசு பிடித்தவர் கள்ளர் அல்லர், கருணையுள்ளவர். ஆயினும் தராசு பொய்யே காட்டிற்று.

இளைஞராகிய சீவர்ட் போர்ஸெலின் வைத்தியசாலையை அடைந்து இவ்வேலையில் இறங்கினார். 1921-லேயே, ஊசி வடிவமான ரேடியக் குழலைச் சுற்றி ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு கதிர் விழும் என்பதைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அக்கணிதம் சீவர்ட் தொகையீடு என்னும் பெயரால் இன்றும் வழங்குகின்றது. 1924-ல் அவ்வைத்தியசாலையின் பௌதிக ஆய்வுக்கூடத்திற்குத் தலைவரானார். செல்வர் வீட்டுப் பிள்ளை. தொழிற்சாலை நிர்வாகத்தில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் நோயாளிகளின் நடுவே மின்மானியோடு அமர்ந்தார்.

அவர் செய்தவற்றுள் நாம் மிகவும் வியப்பது, சீவர்ட் அறை என்று பெயர் பெற்ற சிறு கருவியையே. கதிர் காற்றில் பாயும்போது காற்றின் அணுக்களினின்று மின்துகள்களைப் பிரித்துவிடும். மின்சாரம் கடத்தாத காற்று அப்பொழுது சிறிது கடத்தும். ஆகவே ஒரு சிற்றறைக்குள் காற்றை அடைத்து, அதற்கு மின்னேற்றம் தந்து, கதிரில் வைத்தால், விழுந்த கதிருக்கு ஏற்ப அம்மின்னேற்றம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பின்னர் அளந்தால், எவ்வளவு கதிர் விழுந்தது என்பது வெளியாகும். இத்தத்துவத்தைப் பிறரும் அறிவர். சீவர்ட்டின் திறமை அவ்வறையை மிகச் சிறிதாக்கியதிலும், மின்னேற்றம் தந்தபின் கம்பியினின்று அதனைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்லும்படி அமைத்ததிலும் உள்ளது. அதனால் அறையை நோயாளியின் தோல்மீதே வைக்கலாம். சிகிச்சை முடிந்தபின் எடுத்துவந்து மின்மானியிற் சேர்த்துப் பார்க்கலாம். கதிரைத் தோலிடம் கேட்பது ஒழிந்து, காற்றிடம் கேட்கும் காலம் வந்தது. காற்றும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறுவதே. ஆதலின் திறந்த அறைகொண்டு அளப்பவர் வெப்பமானியையும் பாரமானியையும் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்வர், இன்றும் அப்படியே. இக்கருவியையும் அதன் முறையையும் விளக்கிய நூலுக்கே 1932-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

கருவியைச் செய்து ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொண்டு அவர் வாளாவிருக்கவில்லை. 1920-களிலேயே அவரும் துணைவரும் அளவைக் கருவிகளைச் சுமந்துகொண்டு ஸ்வீடன் தேசத்து வைத்தியசாலைகளுக்குச் சென்று, அங்கங்கே இருந்த எக்ஸ் கதிர் யந்திரங்கள் தரும் கதிரை அளந்து, எல்லாவற்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்தனர். நரை கண்ட வைத்தியர் ஒருவரிடம் முப்பது வயதும் நிரம்பாத இளைஞர் சென்று, ஐயா, தாங்கள் நினைக்கும் அளவை இந்தக் குழாய் தரவில்லை என்று சொல்வது எளிய காரியமா என்று நாம் எண்ணிப் பார்க்கின்றோம். யந்திரத்தின்மேல் குற்றம் சொன்னால் யந்திரத்துக்குடையவர் மேலும் குற்றம் சாரும் அன்றோ?

1928-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகக் கதிரியல் மகாநாடு போர்ஸெலின் தலைமையில் ஸ்டாக்ஹோமிற் கூடியது. ராண்ட்ஜன் என்னும் பெயரால் கதிருக்குப் பொதுவான ஓர் அலகு அங்கே வகுக்கப்பட்டது. கதிரோடு தொழில் செய்வோரைப் பாதுகாக்க ஒரு சர்வதேசக் குழுவும் அமைந்தது. முப்பத்திரண்டு வயதுடைய சீவர்ட்டை அதன் தலைவராகக் குறித்தனர். ஆயினும் அக்குழுவை முன்னின்று நடத்தியவர் பிரிட்டிஷ் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்து ஜார்ஜ் கே என்பவர். புகழ் உரியவர்க்கே செல்லட்டும். அதன் முதல் யோசனைகளில், தொழில் செய்வோர் எவ்வளவு கதிரைத் தாங்கலாம் என்னும் எண்ணே காணப்படவில்லை. நாளொன்றுக்கு 7 மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் 5 நாட்களுக்கு மேல் கூடாது, ஆண்டில் ஒரு மாதமேனும் விடுமுறை வேண்டும், ஓய்வு நாட்களை வெளியிடங்களிற் கழிக்க வேண்டும் என்று கூறினர். எண் இல்லாத இடத்தில் மனிதர் நல்லெண்ணத்தையே அளவாகக் கொள்வர் போலும். முதல் எண் 1934-ல்தான் வந்தது.

1941-ல் ஸ்வீடன் தேசம் கதிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. கதிர் யந்திரம் வைத்திருப்போர் அனுமதி பெறவும் சோதனைக்கு உட்படவும் வேண்டும் என்பது அதன் சாரம். இளைஞர் தம் விருப்பத்தால் தொடங்கிய பிரயாணம் அரசாங்கத்தின் கடமையாயிற்று. அவ்வாண்டே கரோலின்ஸ்கா கலாசாலையில் கதிர்ப் பௌதிகப் பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

யுத்தத்திற்குப் பின்னர் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலும் மழையிலும் கதிர்த்துகள் கலந்தபோது, அவர் கவனம் மிகச் சிறிய அளவுகளின்பால் திரும்பியது. அழுத்தி அடைத்த வாயு நிறைந்த பெரிய அறைகளைக் கொண்டு, மனித உடலினின்றே இயற்கையாய் எழும் நுண்ணிய கதிரையும் அளந்தார். 1956 முதல் 1962 வரை சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் குழுவிற்கு மீண்டும் தலைவராயிருந்தார். ஐக்கிய நாடுகளின் கதிர் விளைவுக் குழுவிற்கும் தலைமை தாங்கினார். 1966-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ம் தேதி காலமானார்.

1979-ல் அவர் பெயர் ஓர் அலகிற்கு இடப்பட்டது. சிகிச்சை மேசையின்மேல் விழும் கதிரை அளக்கும் அலகு, ஆங்கிலேயராகிய கிரே என்பவர் பெயரால் வழங்குகின்றது. மேசையருகிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த சீவர்ட்டின் பெயரோ, கதவுக்கு வெளியே நின்று யந்திரத்தை இயக்குவோருக்கு உரியதாயிற்று. அவர்கள் மார்பில் அணியும் சிறு வில்லையைக் குறித்த காலந்தோறும் எடுத்துப் பார்த்துக் கணக்கெழுதுவர். ஐந்தாண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை.