அகராதி கண்ட டாக்டர் ஜான்ஸன்

ஆங்கில நூல்களைக் கற்கப் புகும் நம்மனோரை முதற்கண் மருட்டுவன அரிய சொற்களே. பொருள் விளங்காத சொல்லொன்று எதிர்ப்படின் அகராதியை நாடுகின்றோம். வேண்டிய பொருளைக் கண்டதும் அப்பால் வைத்துவிடுகின்றோம். அப்பொருளை வரையறுத்தற்கு அறிஞர் பட்ட பாடு எத்துணையதென எண்ணிப் பார்ப்பவர் நம்முட் சிலரே. ஆதலின், ஆங்கில மொழிக்குப் பேரகராதி கண்ட ஸாமுவேல் ஜான்ஸன் என்பாரது வரலாற்றைச் சுருக்கி உரைக்க முற்பட்டோம்.

ஜான்ஸன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லிச்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் இவரைப் பற்றியது. முகத்தில் வடுக்கள் நின்றன. ஒரு கண்ணின் பார்வை பெரிதும் மங்கிற்று. அந்நோய் மன்னர் கை படின் நீங்கும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. ஆதலால் தாயார் இவரை 1712-ல் லண்டனுக்கு எடுத்துச் சென்று ஆன் அரசியின் கைபடச் செய்தார். நோய் நீங்கவில்லை, ஆயினும், அரசி அளித்த பொற்காசை இவர் தம் வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார். மங்கிய கண் படைத்த இச்சிறுவரே தந்தையாரின் கடையிற் கிடந்த நூல்களையெல்லாம் பசித்தவன் உணவு கண்டாற்போல் வாரி விழுங்கினார் என்பது வியக்கத்தக்கது.

1728-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்வி மிகுந்திருந்ததேயன்றிக் கையிற் பொருளில்லை. கால்விரல் வெளியே தோன்றுமாறு கிழிந்த காலணியோடு இவர் நடப்பதைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய காலணிகளை இவரது அறைவாயிலில் வைத்துச் சென்றனர். ஜான்ஸன் அவற்றைச் சினந்து வீசியெறிந்தார். வறுமையினும் இரக்கமே அவரை மிகுதியும் சுட்டது போலும்! பதின்மூன்று மாதங்களுக்குப் பின், பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1731-ல் தந்தையார் இறந்தார்.

1735-ல் தம்மினும் இருபதாண்டு மூத்த கைம்பெண்ணாகிய எலிஸபெத் போர்ட்டரை மணந்து, அவ்வம்மையாரின் பொருளைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். மாணாக்கர் மிகச் சிலரே வந்தனர், பள்ளி நிலைபெறவில்லை. அம்மாணாக்கருள் ஒருவரும் பின்னர் நடிகராய்ப் பெரும்புகழ் எய்தியவருமாகிய டேவிட் காரிக்கோடு 1737-ல் லண்டன் மாநகர் புகுந்தார். அங்குப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பெற்ற சொற்பக் கூலியே அவரது சீவனமாயிற்று.

இனி, ஆங்கில அகராதியின் அக்கால நிலையைச் சிறிது நோக்குவோம். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியை 1604-ல் ராபர்ட் காட்ரி என்பார் வெளியிட்டார். அஃது ஏறக்குறைய 2,500 அருஞ்சொற்களை மட்டும் கொண்ட சிறு நூல். எளிய சொல்லின் பொருள் யாவர்க்கும் தெரியுமாதலின் அதனை எழுதுவது வீண் என்பதே அற்றைநாட் கொள்கை. 1721-ல் வெளிவந்த நேத்தன் பெய்லியின் அகராதி பொதுச் சொற்களையும் பெருந்தொகையாகச் சேர்த்துக்கொண்டது. எனினும், அவற்றிற்கு அது கூறிய பொருள் மிகச் சுருங்கியது. சான்றோர் ஒரு சொல்லை எவ்வாறு ஆண்டனர் என்பதை எடுத்துக்காட்டி விளக்கும் ஆங்கில அகராதி அன்று இல்லை.

இக்குறையைப் போக்க விரும்பிய லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் 1746-ல் ஜான்ஸனோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். கூலி 1,500 கினி, அஃதாவது 1,575 பவுன். எழுத்தர்க்குரிய சம்பளமும் அதனுள் அடக்கம். மூன்றாண்டில் முடிப்பதாக ஜான்ஸன் உறுதி கூறினார். பிரான்ஸ் தேசத்திலோ, 1635-ல் நிறுவப்பெற்ற கழகத்தின் அகராதி 1694-லேதான் வெளிவந்தது. அக்கழகத்தின் அங்கத்தினர் நாற்பதின்மர். ஜான்ஸன் ஒருவர், உதவிக்கு அமர்ந்த எழுத்தர் அறுவர்.

லண்டனில் காப் சதுக்கத்திலிருந்த வீட்டின் மேல்மாடமே அவர்தம் பணிக்கூடம். ஜான்ஸன் நூல்களைப் படித்து, தக்க சொற்களின்கீழ்ப் பென்ஸிலாற் கோடிட்டு, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்திற் குறிப்பார். எழுத்தர்கள் அப்பகுதிகளைத் தனித் தாள்களிற் பெயர்த்தெழுதி அகரவரிசைப்படுத்துவர். பின்னர் அவர் சொல்லின் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்து எழுதுவார். நண்பரிடம் இரவல் வாங்கிய நூல்களும் இக்கோடுகளுக்குத் தப்பவில்லை. முதலிற் கையாண்ட முறை பயன்படாது போகவே, சில ஆண்டு உழைப்பை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கவும் நேர்ந்தது. மூன்றாண்டு ஒன்பதாண்டாக நீண்டது.

இப்பணியிற் புலப்பட்ட உண்மை ஒன்று நாம் ஊன்றி நோக்கற்பாலது. கல்லாதாரை மருட்டும் நீண்ட லத்தீன் சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு. அதனை அறிந்த அளவில் அச்சொல் நமக்கு அடங்கிவிடுகிறது. எடுத்தல் என்னும் பொருள்படும் ‘டேக்’ என்பதோ சிறுகுழந்தையும் வழங்கும் சொல். அதற்கு ஜான்ஸன் 134 பொருள்களை வகுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. அரிய சொல் எளிதாகவும், எளிய சொல் அரிதாகவும் முடிந்த விந்தை இது! மேலும், எளிய சொல்லை விளக்க அதனினும் எளிய சொல் கிடைப்பதில்லை. வலைப்பின்னல் என்னும் பொருளுடைய ‘நெட்வொர்க்’ என்ற சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கம், வேறோர் அகராதியின் துணையின்றி விளங்காத அளவுக்குக் கடியதாய் அமைந்து, இன்றளவும் நகைப்புக்கு இடமாகிறது.

இவ்விடையில் இன்னல்கள் பல வந்துற்றன. வருவாய் போதாமையால் 1750 முதல் ஈராண்டு வாரம் இருமுறை ‘ராம்ப்ளர்’ என்னும் கட்டுரைத் தாளையும் எழுதி வந்தார். அது நின்ற 1752-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே மனைவியார் காலமானார். அகராதி முற்றுப்பெறுவதைக் காண அவர் இல்லை. அத்துயர் ஜான்ஸனை இறுதிவரை விட்டகலவில்லை.

அகராதியின் திட்டம் 1747-ல் செஸ்டர்பீல்டு பிரபுவின் பெயருக்கு உரிமையாக்கி வெளியிடப்பட்டிருந்தது. பிரபு பத்துப் பவுன் அளித்ததோடு அமைந்தார்; நெடுங்காலம் திரும்பியும் பார்த்திலர். நூல் முடியுந் தறுவாயில், பத்திரிகையில் அதனைப் புகழ்ந்து இரு கட்டுரைகள் வரைந்தார். 1755 பிப்ரவரியில் ஜான்ஸன் அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். உதவி வேண்டிய காலத்து உதவாது, கரையேறிய பின் கை நீட்டுவோர் புரவலராகார் என்பது அதன் கருத்து. புலவர் செல்வர் வாயிலிற் காத்துக் கிடந்த காலத்தில் இஃது ஒரு பெருந்துணிவேயாம். அன்று காலணியை வீசிய மாணவரே இன்று இக்கடிதம் வரைந்தார் எனலாம்.

1755 ஏப்ரல் 15-ஆம் தேதி அகராதி இரண்டு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. அதன்கண் 42,773 சொற்களும், ஏறக்குறைய 1,14,000 மேற்கோள்களும் இருந்தன. விலை 4 பவுன் 10 ஷில்லிங். பட்டமின்றி வெளியேறிய மாணவருக்கு ஆக்ஸ்போர்டு அவ்வாண்டிலேயே எம். ஏ. பட்டம் வழங்கிற்று.

நூலிற் குறைகளும் இல்லாமலில்லை. குதிரைக் காலின் ஓர் உறுப்பைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். காரணம் வினவிய பெண்மணியிடம், தம் அறியாமையே காரணம் என்று மறையாது ஒப்புக்கொண்டார். ஓட்ஸ் தானியம் இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மக்களுக்கும் உணவாவது என எழுதி ஸ்காட்லாந்தினரைச் சீண்டினார். அவருடைய எழுத்தர் அறுவருள் ஐவர் ஸ்காட்லாந்தினர் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு நகை தோன்றுகிறது.

ஆனால், அவரது பெருமைக்கு இவற்றினும் சிறந்த சான்று வேறுண்டு. ஆங்கில மொழியை மாறாவண்ணம் நிலைநிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கியவர் அவர். உழைப்பின் முடிவில், மொழி மாந்தரைப் போலவே வளர்ந்தும் மாறியும் செல்வது என்றும், அதனை எவ்வகராதியாலும் கட்டிப்போட இயலாது என்றும் உணர்ந்து, அவ்வுண்மையைத் தம் முன்னுரையிலேயே வெளிப்பட எழுதினார். ஒன்பதாண்டு உழைத்த பின்னர்த் தம் தொடக்க நோக்கம் பொருந்தாது என்று உலகறியக் கூறுதல் எளிதோ?

புகழ் வந்ததேயன்றி வறுமை போகவில்லை. ஒப்பந்தத் தொகை முன்னரே செலவாகிவிட்டது. 1756-ல் 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டு, நாவலாசிரியர் ஸாமுவேல் ரிச்சர்ட்ஸன் அனுப்பிய ஆறு கினியால் மீண்டார். 1759-ல் தாயார் இறந்தபோது ஈமச் செலவுக்காக ‘ராஸலஸ்’ என்னும் கதையை ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளில் எழுதினார். 1762-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அச்சொல்லுக்குத் தம் அகராதியில் இழிபொருள் கூறியிருந்தமையால் ஏற்பதற்கு முதலில் தயங்கினார். செய்த தொண்டிற்கே அது வழங்கப்படுகிறது என நண்பர் தெளிவித்தபின் இசைந்தார்.

வறுமையை அறிந்தவராதலின் வறியவர்க்கு அவர் வீடு புகலிடமாயிற்று. கண்ணிழந்த அன்னா வில்லியம்ஸ் அம்மையாரும், ஏழைகட்கு மருத்துவம் செய்து வந்த லெவட்டும் அங்கு வாழ்ந்தனர். ஜமெய்க்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரான்ஸிஸ் பார்பரைப் பள்ளிக்கு அனுப்பிக் கல்வி பயிற்றி, இறுதியில் தம் உடைமைக்கும் உரியவராக்கினார். இளமையில் ஒருநாள், யூட்டாக்ஸிட்டர் சந்தையிலிருந்த புத்தகக் கடையைக் கவனிக்குமாறு நோயுற்ற தந்தையார் வேண்ட, செருக்கினால் அவர் மறுத்ததுண்டு. ஏறக்குறைய ஐம்பதாண்டு கழிந்தபின் அச்சந்தைக்குச் சென்று, தந்தையாரின் கடை இருந்த இடத்தில், மழையில் வெறுந்தலையராய் நெடுநேரம் நின்று அக்கழுவாயை நிறைவேற்றினார்.

1784-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி இவ்வறிஞர் உலகு நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். 1791-ல் பாஸ்வெல் வெளியிட்ட வரலாற்று நூல் அவரை இன்றும் நம் கண்முன் நிறுத்துகிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியும், சொல்லின் பொருளை ஆட்சியிற் காணும் வழியையே பின்பற்றிற்று.

அருஞ்சொற் பட்டியல்களை மனப்பாடம் செய்து தேர்வுக்குச் செல்லும் மாணாக்கர்க்கு அவர் வாழ்வு உணர்த்துவது இதுவே: சொல் தனித்து நின்று பொருள் தருவதன்று. நல்லோர் நூலில் அது எச்சொல்லோடு கூடி, எவ்விடத்து, எக்கருத்தோடு நிற்கிறது என்று காண வேண்டும். பட்டியலிற் கற்ற சொல் தேர்வோடு அகலும். நூலிற் பழகிய சொல் நம்மை விட்டு நீங்காது. ஆதலின், அருஞ்சொல்லைத் தேடுமுன் அரிய நூலைத் தேடுவோமாக. எளிய சொல்லையும் எளிதென்று இகழாது பயில்வோமாக.