பிராணிகளுக்காக மன்றேறிய மாதரசி: ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி என்றதும் பரதநாட்டியமும் திருவான்மியூர்க் கலாக்ஷேத்திராவுமே நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மையாரின் கலைத்தொண்டைப் பற்றி நூல்கள் பல உள. ஆயின் வாயில்லா ஜீவன்களுக்காக அவர் 1952 முதல் 1986 வரை ஆற்றிய பணி நம் சமூகத்தார் இல்லங்களிற்கூட அதிகம் பேசப்படுவதில்லை. அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட நாம் அறியத்தக்க வரலாறு அது. ஆகவே இங்கு அதனையே விரித்துரைக்க முற்படுகின்றோம்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே பிறந்தநாள் வாய்க்கப் பெற்றவர். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளராகப் பணிபுரிந்தவர். வடமொழிப் புலமையும் பிரம்மஞான சபையில் ஈடுபாடும் உடையவர். அவர் அடையாறில் குடியேறியதால் அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் மகள் வளர நேர்ந்தது. 1920இல், பதினாறு வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அக்காலச் சென்னையில் அத்திருமணம் எழுப்பிய சலசலப்பு சிறிதன்று. ருஷ்ய நாட்டிய மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற பயிற்சி, 1935இல் நிகழ்ந்த முதல் மேடை, 1936இல் கலாக்ஷேத்திராவின் தோற்றம், 1945இல் கணவரின் மறைவு ஆகியவை பலரும் அறிந்தவை. அவற்றைக் குறிப்பிடுவதோடு அமைகின்றோம்.

1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலைஞர் என்ற முறையில் கிடைத்த இடம் அது. ஆயின் கலைக்காக மட்டும் அவர் அவ்விடத்தைப் பயன்படுத்தவில்லை. பிராணிகள் வதையைத் தடுப்பதற்கெனத் தாமே ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார். அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். பெரும்பாலும் பொது இடங்களில், பிறர் காண இழைக்கப்படும் கொடுமைகளையே அது கண்டித்தது. சுவருக்குப் பின்னால் நடப்பது அதன் கண்ணுக்குப் புலப்படாது.

1954இல் அம்மசோதா விவாதத்திற்கு வந்தபோது பிரதமர் நேரு தாமே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டிய அவர், அரசே ஒரு குழு அமைத்து விரிவான சட்டம் இயற்றும் என உறுதி கூறி, மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். அம்மையார் இசைந்தார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தம் பெயரால் நிற்கக்கூடிய ஒன்றைப் பிறர் வாக்கை நம்பிக் கைவிடுதல் எளிதன்று. அத்தகைய உறுதிமொழிகள் பல, கோப்புகளிலேயே உறங்கிவிடுவதும் உண்டு. அம்மையாரோ அக்குழுவில் தாமும் ஓர் உறுப்பினராக அமர்ந்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் விடாது முயன்றார். 1960 டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

அவர் விரும்பியது முழுதும் அதில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கூடங்களில் பிராணிகளைச் சோதனைக்கு உட்படுத்துவதைச் சட்டம் ஒழித்துவிடவில்லை. மேற்பார்வைக்குக் குழு ஒன்றினை அமைக்க மட்டுமே வழிசெய்தது. நாய்களைப் பொறுத்தவரையில் நிலை இன்னும் வருந்தத்தக்கது. கொடுமைகளை வரிசைப்படுத்தும் 11ஆம் பிரிவிலேயே, தெருநாய்களை அதற்கென அமைத்த அறைகளில் இட்டு உயிர்போக்குதல் குற்றமாகாது என விலக்கும் அளிக்கப்பட்டது. பிராணிகளின் நலம் நாடிய சட்டத்தில் நாய்க்கு மட்டும் கதவு பாதியே திறந்தது எனலாம்.

ஆயினும் அதே பிரிவில் வேறொரு விதி உண்டு. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுதல் குற்றம் என்பதே அது. தண்டனையோ மிகச் சிறிது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் குற்றத்திற்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்றது. இந்நாளில் அத்தொகை யாரையும் அச்சுறுத்தாது. எனினும் வளர்த்த பிராணியை வீதியில் விடுவது சொந்த விருப்பம் அன்று, குற்றம் என நாட்டின் சட்டம் உரைத்துவிட்டது.

இவ்விதியின் பொருளைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்திற்குத் தரிசனம் செல்லும் நம்மவர் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்தே செல்கின்றனர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலை நோக்கிப் பிரியும் சாலையில் உள்ளது ஒரகடம். வயலும் ஏரியுமாக இருந்த அவ்வட்டாரம் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. ஆலை வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நாய்களைக் காணலாம். ஊர் நாய்கள் சில; குட்டியாக அறையில் வளர்க்கப்பட்டு, ஒப்பந்தம் முடிந்து வேற்றூர் சென்ற தொழிலாளரால் விட்டுச் செல்லப்பட்டவை சில. அவ்விளைஞர்களை முற்றும் பழித்தல் நமக்கு உடன்பாடன்று. நால்வர் தங்கும் வாடகை அறையில் நாயுடன் வாழ வீட்டுக்காரர் இசையார். இரயிலில் கொண்டு செல்லவோ பொருளும் அனுமதிச் சீட்டும் வேண்டும். இரவுப் பணி முடிந்து தம் சோற்றுப் பொட்டலத்தில் பாதியை நாய்க்கு வைப்பவர்களும் அவர்களே. ஆயின் கனரக வண்டிகள் இரவும் பகலும் ஓடும் சாலையில், வளர்த்தவரைத் தேடி அலையும் நாயின் ஆயுள் நீள்வதில்லை. அதற்கு எஞ்சிய வழி ஏதேனும் ஒரு புகலிடம். அதனினும் நன்று ஓர் இல்லம்.

புகலிடங்களையும் சட்டம் மறந்துவிடவில்லை. 1962இல் அமைக்கப்பட்ட இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் கடமைகளுள், முதுமையுற்றும் பயனற்றும் போன பிராணிகள் அடைக்கலம் பெறப் பிஞ்சராபோல்கள் முதலியவற்றை நிறுவப் பொருளுதவி செய்தலும் ஒன்று. பிஞ்சராபோல் என்னும் சொல்லே 9ஆம் பிரிவில் ஆளப்பட்டுள்ளது. குஜராத்தில் நம் முன்னோர் வளர்த்த அறநிலையத்தின் பெயர் நாடாளுமன்றச் சட்டத்தில் ஏறியிருத்தல் நமக்கு உவகை தருவதே. ஆனால் பசுமடத்திற்கு வாரி வழங்கும் நம் கரங்கள் நாய்ப் புகலிடத்தின் முன் ஏனோ மடங்கிக்கொள்கின்றன.

அவ்வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அம்மையாரே. 1962 முதல் மறையும் வரை அப்பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். வாரியம் சென்னையிலேயே இயங்கியது. விமானி கேப்டன் சுந்தரம் அவர்களின் முயற்சியால் 1964இல் பதிவுபெற்ற புளூ கிராஸ் அமைப்பும் இந்நகரில் வேரூன்றி, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996இல்தான். அம்மையார் அதனைக் காணவில்லை. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி தேசாய் அழைத்தபோது மறுத்த அம்மையார், வாரியப் பொறுப்பை மட்டும் விடவில்லை என்பது குறிக்கத்தக்கது.

நம் இல்லங்களில் நாயை ஏற்கத் தயங்குவோர் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று தூய்மை பற்றியது. சீவக சிந்தாமணியைக் கற்றோர்க்கு இதற்கு விடை கூற வேண்டுவதில்லை. அந்தணரால் அடியுண்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதியவன் சீவகன். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து அவனுக்குத் துணை நின்றது. மற்றொன்று புலால் பற்றியது. இது மெய்யான இடர்ப்பாடு. மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த நாய், ஓநாயைப் போலன்றித் தானிய உணவைச் செரிக்கும் திறம் பெற்றுள்ளது. ஆயினும் தயிர்சாதம் மட்டும் இட்டு வளர்த்தல் நாய்க்கு இழைக்கும் தீங்கே ஆகும். பருப்பு வகைகளும், சத்துகள் முறையாகச் சேர்க்கப்பட்ட தாவர உணவும், கால்நடை மருத்துவரின் அறிவுரையும் இன்றியமையாதவை. இதற்கு இசையாத இல்லத்தார் நாயை அழைத்து வருவதைவிடப் புகலிடத்தில் ஒரு நாயின் மருத்துவச் செலவை ஏற்பதே முறை என்போம். பழைய போர்வைகளும் செய்தித்தாள்களும்கூட அங்குப் பயன்படும்.

அம்மையார் 1986 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார். திருவான்மியூரில் இருந்த வாரியத்தின் தலைமையகம் 2018இல் ஹரியானா மாநிலத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. நமக்கு அது வருத்தமே. நாயை ஏற்க விரும்புவோர்க்கு அவ்வளவு தொலைவு செல்லும் தேவையில்லை. அருகிலுள்ள புகலிடத்திற்கு வீட்டார் அனைவரும் சேர்ந்து செல்க. குட்டியையே நாடாது, வளர்ந்த நாய்களையும் பார்க்க. வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை ஆகியவை முடிந்தனவா எனக் கேட்டறிந்து, சான்றினையும் பெற்று வருக.